நாற்பத்தொன்பதாவது கல்

தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்த லிஃப்ட் மெக்கானிக்கின் கண்ணில் பட்டதெல்லாம் காய்ந்து வெடித்த பாசியும், அதில் ஒட்டிக் கிடந்த ஒரு பல்லியின் எலும்பும்தான். கையை உள்ளே விட்டு அடியைத் தடவினான். தூசு. ஒரு நம்பிக்கைக்காகக் குழாயையும் திருகிப் பார்த்தான். அது 'உஸ்' என்று காற்றை விட்டது.

"என்ன மாப்பிள்ளை, நிறைஞ்சிருக்கா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"நிறைஞ்சுதான் இருக்கு மச்சான். வெயிலால."

கீழே நிழலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றவர் அவன் மனைவியின் அண்ணன், கணக்கு வாத்தியார். ஐம்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடமாக எந்தப் பையனும் அவரிடம் விடையை மட்டும் எழுதி மதிப்பெண் வாங்கியதில்லை, வழிமுறையையும் காட்ட வேண்டும். பத்து நாள் சைக்கிள் பயணத்துக்கும் அப்படித்தான் வழிமுறை போட்டிருந்தார். எந்த நாள், எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம், எங்கே தண்ணீர் என்று எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதி, பிளாஸ்டிக் உறை ஒட்டி, ஹேண்டில் பாரில் கட்டி வைத்திருந்தார். இன்று ஆறாம் நாள். அட்டவணையிலேயே கடினமான நாள். அறுபத்தேழு கிலோமீட்டர் மொட்டை மலை, நடுவில் ஊர் கிடையாது. நாற்பத்தொன்றாவது கிலோமீட்டரில் சாலைத் துறையின் ஓய்வு விடுதி. அந்தக் கட்டத்தில் 'தண்ணீர்: உண்டு' என்று எழுதியிருந்தது.

விடுதிக் கதவில் பூட்டு. பூட்டில் துரு. ஆள் போய் மாதக்கணக்காகியிருக்கும்.

காலையில் கிளம்பும்போதே மெக்கானிக் ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கூடுதலாகக் கட்டப் பார்த்தான். "அஞ்சு லிட்டர்னா அஞ்சு கிலோ. ஏத்தத்துல அதை நீங்க இழுக்கப் போறீங்களா, நான் இழுக்கணுமா?" என்று வாத்தியார் கேட்டார். அவன் கேனைக் கீழே வைத்துவிட்டான். கல்யாணமான பதினான்கு வருடத்தில் வாத்தியார் எடுத்த எந்த முடிவையும் அவன் மறுத்ததில்லை. பயம் என்று சொல்ல முடியாது. அவர் பேசும்போது எல்லாமே ஏற்கெனவே சரிபார்த்துக் கோடு போட்டு முடித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது கையிருப்பைப் பார்த்தார்கள். அவனிடம் ஒரு பாட்டில் முழுசாக இருந்தது, ஒரு லிட்டர். அவரிடம் அடியில் இரண்டு மடக்கு. மணி பத்தரை. சுற்றிலும் சாம்பலும் காவியுமாக மலை, ஒரு மரம் இல்லை. பாறை இடுக்கில் முள் புதர்கள் மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"திரும்பிடலாம் மச்சான். செக்போஸ்ட்ல அந்தக் காவலாளி குடம் வச்சிருந்தாரு. இருபத்தோரு கிலோமீட்டர், எல்லாம் இறக்கம். ஒரு மணி நேரத்துல போயிடலாம்."

"போயிட்டு? நாளைக்கு மறுபடியும் இதே ஏத்தத்தை முதல்லேர்ந்து ஏறணும். ஒரு நாள் போச்சு." வாத்தியார் அட்டவணையைத் தட்டினார். "உச்சி பதினேழு கிலோமீட்டர்ல. அதுக்கு முன்னாடியே பாறை உடைக்கிற ஆளுங்க இருப்பாங்க. அவன்தானே சொன்னான். ஆள் இருந்தா தண்ணி இருக்கும்."

அது உண்மை. செக்போஸ்ட் காவலாளி தடுப்பை இறக்கி வைத்துக்கொண்டு, மேலே பாறை உடைப்பதால் சாயங்காலம் வரை எந்த வண்டியையும் விடமாட்டோம் என்றார். பிறகு இவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சைக்கிள்தானே, நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க முடிச்சிடுவாங்க" என்று தடுப்பைத் தூக்கிவிட்டார். லாரித் தொல்லை இல்லாத சாலை கிடைத்ததென்று இருவருக்கும் அப்போது ஒரே குஷி. லாரி வராத சாலையில் உதவியும் வராது என்று இருவருக்குமே தோன்றவில்லை.

"உங்க முகம் சரியில்லையே மச்சான்."

"என் முகம் எப்பவும் இப்படித்தான். உங்க வீட்டம்மாவைக் கேளுங்க."

மெக்கானிக் சிரித்துவிட்டான். சிரித்த கையோடு சைக்கிளிலும் ஏறிவிட்டான். அந்தச் சிரிப்புக்காகத் தன்னையே அவன் பின்னால் எத்தனை முறை திட்டிக்கொண்டானோ.

விடுதியைத் தாண்டியதும் ஏற்றம் செங்குத்தானது. சாலையின் ஒரு பக்கம் மலைச் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. தடுப்புக் கற்கள் பாதி இடத்தில் உடைந்து பள்ளத்தில் விழுந்திருந்தன. தார் வெயிலில் இளகி, டயர் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டது. கைப்பேசியில் சிக்னல் காலையிலேயே போய்விட்டிருந்தது. மெக்கானிக் தன் பாட்டிலை இரண்டு முறை வாத்தியாரிடம் நீட்டினான். இரண்டு முறையும் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

நாற்பத்தாறாவது கல்லைத் தாண்டியதும் வாத்தியார் இறங்கி, பாறைக்குப் பின்னால் போனார். வந்தபோது நடை தள்ளாடியது.

"வயிறா?"

"ராத்திரியிலேர்ந்து."

"ராத்திரியிலேர்ந்தா? எத்தனை தடவை?"

வாத்தியார் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். எதையும் எண்ணாமல் விடாத மனிதர் எண்ணிக்கை சொல்லவில்லை. ராத்திரி பக்கத்துக் கட்டிலில் இந்த மனிதர் எழுந்து எழுந்து போனது தெரியாமல் கட்டை மாதிரி தூங்கியிருக்கிறோமே என்று மெக்கானிக் நொந்துகொண்டான். உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் போன பிறகு, அதை மறைத்துக்கொண்டு இவர் மலை ஏற வந்திருக்கிறார். சொன்னால் அட்டவணை கெட்டுவிடும், அதனால் சொல்லவில்லை.

"மச்சான், இங்கேயே நிப்போம்."

"நிழல் எங்கே இருக்கு? நடங்க, வளைவுல பார்ப்போம்."

நிழலுக்காக மேலும் மூன்று கிலோமீட்டர் போனார்கள், பாதி மிதித்து, பாதி தள்ளி. பன்னிரண்டு மணி வாக்கில் வாத்தியார் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவருடைய சக்கரம் மெல்ல மெல்லப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்குவதை மெக்கானிக் பார்த்தான். குழிக்கு விலகுகிறார் என்று முதலில் நினைத்தான். குழி எதுவும் இல்லை. சக்கரம் தார் விளிம்பைத் தாண்டிச் சரளையில் இறங்கியது. அவர் திருப்பவே இல்லை.

"மச்சான்! இந்தப் பக்கம்! மச்சான்!"

தன் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி, அவருடைய கேரியரைப் பிடித்து இழுத்தான். இருவரும் சைக்கிளோடு சாலை நடுவில் விழுந்தார்கள். விளிம்பிலிருந்த சரளைக்கற்கள் சில உருண்டு பள்ளத்தில் விழுந்தன. அடி தொட்ட சத்தம் வர நேரமாயிற்று.

வாத்தியார் உட்கார்ந்தபடி அவனை யாரோ போலப் பார்த்தார். சட்டையில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. ஆனால் நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. தொட்டுப் பார்த்தான். இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது.

"இன்னும் நூத்திப் பத்து கிலோமீட்டர்தான் மாப்பிள்ளை."

உச்சிக்கு ஒன்பது கிலோமீட்டர்தான் பாக்கி. மெக்கானிக் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டான். "மச்சான், பதினேழு எட்டு எவ்வளவு?"

வாத்தியார் நெடுநேரம் யோசித்தார். உதடு அசைந்தது. "மணி அடிச்சாச்சா?" என்றார்.

மெக்கானிக்கு ஒரு பழக்கம் உண்டு. இருபது வருடமாக லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களோடு கதவுக்கு வெளியிலிருந்து பேசிப் பேசி வந்த பழக்கம். உள்ளே இருப்பவர் அலறுவார், கதவை உடைக்கப் பார்ப்பார். அவர்களிடம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைத்தான் சொல்ல வேண்டும். தனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டான். முதலில் நிழல்.

நாற்பத்தொன்பதாவது கல்லுக்குப் பக்கத்தில், மழைத் தண்ணீர் சாலையைக் கடந்து போவதற்காகக் கீழே ஒரு சிமென்ட் குழாய் போட்டிருந்தார்கள். ஆள் குனிந்து நுழையும் அளவு. மழை பார்த்து எத்தனை காலமானதோ, உள்ளே மணல்தான் இருந்தது. அவரைக் கைத்தாங்கலாக இறக்கி உள்ளே படுக்க வைத்தான். சட்டையைக் கழற்றினான். பாட்டிலில் அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலத்தைக் கரைத்து, மூடி மூடியாக ஊட்டினான். துண்டில் கொஞ்சம் நனைத்துக் கழுத்தில் போட்டான்.

அப்போது மலை ஒருமுறை உறுமியது. குழாயின் சிமென்ட் வழியாக முதுகில் அதிர்வு தெரிந்தது. பாறை வெடி. அப்படியென்றால் மேலே ஆள் இருக்கிறது. எவ்வளவு மேலே? மலைக்குள் சத்தம் எங்கெங்கோ மோதித் திரும்பி வரும், தூரத்தை நம்ப முடியாது. கீழே செக்போஸ்ட்டோ இருபத்தொன்பது கிலோமீட்டர். இறங்குவது எளிது. ஆனால் அங்கிருந்து வண்டி பிடித்து இங்கே வர இரண்டு மணி நேரமாவது ஆகும். இவருக்கு அவ்வளவு நேரம் இல்லை. மேலேதான் போக வேண்டும், தனியாக.

"மச்சான், கேளுங்க. நான் தண்ணி கொண்டு வரேன். நீங்க இங்கேயே படுத்திருக்கணும்."

"ஒன்பதாம் வகுப்புக்குப் போகணும்" என்று வாத்தியார் எழப் பார்த்தார். தலை குழாயில் இடித்தது.

"உட்காருய்யா!"

பதினான்கு வருடத்தில் அவரிடம் ஒருமுறைகூட அந்தக் குரலில் பேசியதில்லை. வாத்தியார் அடங்கிப் படுத்தார். மெக்கானிக் அவருடைய ஷூக்களைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டான், நடந்து போய்விடக் கூடாது. அவர் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றினான், ஏறிப் போய்விடவும் கூடாது. அந்தச் சக்கரத்தைச் சாலையோரக் கல்லில் சாய்த்து நிறுத்தினான், திரும்பி வரும்போது இடம் தெரிய வேண்டும். மிச்சத் தண்ணீரை அவர் கைக்கருகே வைத்தான். வைத்துவிட்டு, தானே எடுத்து ஒரு மிடறு குடித்தான். குடிக்காமல் போனால் தானும் வழியில் விழுவான் என்பது தெரியும். ஆனாலும் திருடிய மாதிரி இருந்தது.

அந்த ஐந்து கிலோமீட்டரை அவன் எப்படி ஏறினான் என்று பிறகு கேட்டவர்களிடம் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. பெடலைப் பார்த்துக்கொண்டே மிதித்தான். நாக்கு வாய்க்குள் கட்டை மாதிரி கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஆள் இருப்பார்கள் என்று நினைத்தான். அங்கே அடுத்த வளைவுதான் இருந்தது. வீட்டில் அவளிடம் என்ன சொல்வது என்று மனம் தானாக வாக்கியம் கோத்தது. 'உங்க அண்ணன்தான் போகலாம்னாரு' என்று ஒரு வாக்கியம் வந்தது. அது உண்மைதான். அந்த உண்மையைச் சொல்லிக்கொண்டு அவள் முன்னால் நிற்கும் தன்னை நினைத்துப் பார்த்தபோது அருவருப்பாக இருந்தது.

ஐம்பத்து நான்காவது கல் அருகே சிவப்புத் துணி தெரிந்தது.

"நில்லு! நில்லு! அங்கேயே நில்லு!" கையில் சிவப்புக் கொடியும் கழுத்தில் விசிலுமாக ஒரு மனிதர் ஓடி வந்தார். "யாருய்யா நீ? எப்படி வந்தே? வெடிக்கப் போறாங்க!"

மெக்கானிக் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. கொடிக்காரர் அவன் காலரைப் பிடித்துப் பாறைக்குப் பின்னால் இழுத்துத் தள்ளினார். சைரன் அலறியது. பிறகு தரை குதித்தது. அடுத்தடுத்து வெடி, நெஞ்சுக்குள் யாரோ குத்துவது போல. தலைக்கு மேல் தூசு திரையாகப் போயிற்று, கல் மழை சடசடவென்று சாலையில் கொட்டியது. கொடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். சத்தம் ஓய்ந்ததும் விரல்களைப் பார்த்தார். முகம் மாறிற்று.

"பன்னெண்டு குழி. பதினொண்ணுதான் வெடிச்சிருக்கு."

அதற்கு என்ன அர்த்தம் என்று, தண்ணீர் குடித்த பிறகுதான் மெக்கானிக்குப் புரிந்தது. ஒரு குழியில் மருந்து வெடிக்காமல் உட்கார்ந்திருக்கிறது. அரை மணி நேரத்துக்கு ஒருவரும் அந்தப் பக்கம் நெருங்கக் கூடாது. ஜீப்பும் ஆட்களும் வெடி விழுந்த இடத்துக்கு அப்பால் இருந்தார்கள். அவன் சொன்னதைக் கேட்டுக் கொடிக்காரர் வாக்கி டாக்கியில் விஷயத்தைச் சொன்னார். வேலையை நடத்தும் இன்ஜினியர் அம்மாவின் குரல் பதில் சொன்னது.

"அரை மணி நேரம் முடியாம வண்டியை எடுக்க முடியாது. ஆள் உயிர்னு தெரியுது. இங்கேயும் பதினாலு உயிர் இருக்கு. தண்ணியைக் குடுத்து அனுப்புங்க. குழியைப் பார்த்ததும் நானே வரேன்."

கொடிக்காரர் தன் பத்து லிட்டர் கேனைத் தூக்கிக் கொடுத்தார். பாதிக்கு மேல் இருந்தது. அதைச் சுற்றியிருந்த ஈரச் சாக்கையும் அவிழ்க்காமல் கேரியரில் கட்டினார். "நானும் வந்திருப்பேன் தம்பி. கொடியை விட்டுட்டு நகரக் கூடாது. கீழேயிருந்து இன்னொரு பைத்தியம் உன்னை மாதிரி வந்துட்டா?"

இறக்கத்தில் கேன் பின்னால் இழுத்தது, சைக்கிள் பாம்பு மாதிரி நெளிந்தது. பிரேக்கைப் பிடித்தால் வழுக்கும், விட்டால் பறக்கும். மெக்கானிக் விட்டான். ஒரு வளைவில் பின்சக்கரம் சரளையில் சறுக்கி, அவன் முழங்கால் தரையில் உரசிக்கொண்டே போய், சைக்கிள் மறுபடி நிமிர்ந்தது. சாய்த்து வைத்த சக்கரம் கண்ணில் பட்டதும் குதித்து, கேனோடு குழாய்க்குள் குனிந்தான்.

குழாய் காலி.

பாட்டில் கவிழ்ந்து கிடந்தது. அதன் வாயருகே மணலில் ஒரு கை அகலத்துக்கு ஈரம்.

"மச்சான்!"

மலை அவன் குரலையே திருப்பிக் கொடுத்தது. முதலில் பள்ளத்தை எட்டிப் பார்த்தான். பார்க்காமலும் இருக்க முடியவில்லை, பார்க்கவும் தைரியமில்லை. அங்கே எதுவும் இல்லை. குழாயின் மறுபக்கத்துக்கு ஓடினான். காய்ந்த ஓடை ஒன்று மலைப் பக்கமாக வளைந்து போயிற்று. அதன் மணலில், காலுறை போட்ட கால்களின் தடம், பக்கத்தில் பக்கத்தில், குழந்தை நடந்த மாதிரி. தடத்தின் மேலேயே ஓடினான். நூறு அடிக்கு அப்பால் ஒரு பாறையருகே, முழு வெயிலில், வாத்தியார் ஒருக்களித்து விழுந்திருந்தார். வாய் திறந்திருந்தது. மூச்சு நாய் இரைப்பது போல வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் இமை மட்டும் அசைந்தது.

வாயில் தண்ணீர் ஊற்றக் கை போயிற்று. தடுத்துக்கொண்டான். நினைவில்லாதவருக்கு ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும் என்று கம்பெனி முதலுதவி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த வகுப்பில் பாதி நேரம் தூங்கியவனுக்கு அந்த ஒரு வரி எப்படியோ நின்றிருந்தது. அக்குளில் கை கொடுத்துப் பாறையின் நிழலுக்கு இழுத்தான். எண்பது கிலோ மனிதர். ஈரச் சாக்கை உடம்பில் போர்த்தினான். தலை, கழுத்து, அக்குள், தொடை என்று தண்ணீரை ஊற்றினான். காற்று வேண்டும். ஓடிப்போய் அவர் ஹேண்டில் பாரிலிருந்து அந்த அட்டவணையைப் பிய்த்துக்கொண்டு வந்து விசிறினான். கை ஓய்ந்தால் மறு கை. விசிறிக்கொண்டே பேசினான். லிஃப்ட் கதவுக்கு வெளியே நின்று பேசும் அதே குரலில், நிறுத்தாமல்.

"இதோ வண்டி வருது மச்சான். இன்ஜினியரம்மா கிளம்பிட்டாங்க. மூச்சு விடுங்க. அவ்வளவுதான் வேலை. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். மூச்சு மட்டும்."

தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. கேனைச் சாய்த்து வைத்துக் கடைசி லிட்டரைக் கை கையாக அள்ளித் தெளித்தான். அரை மணி நேரம் என்றார்கள். முப்பத்தைந்து நிமிடமாயிற்று. நாற்பது. குழியைப் பார்க்கப் போன இடத்தில் ஏதாவது ஆகிவிட்டதா? வெடிச் சத்தம் கேட்டால் என்ன அர்த்தம், கேட்காவிட்டால் என்ன அர்த்தம்?

ஹாரன் கேட்டது. மெக்கானிக் சாலைக்கு ஓடினான். ஜீப் அந்தத் தனிச் சக்கரத்துக்கு முன்னால் நின்றிருந்தது. தலைக்கவசத்தோடு இறங்கிய இன்ஜினியர் அம்மா எதுவும் கேட்கவில்லை. "எங்கே?" என்று மட்டும் கேட்டு, இரண்டு ஆட்களோடு ஓடையில் இறங்கினாள்.

மேலே திரும்பும் வழியில், ஜீப் வந்தபோது கடந்த உடைந்த பாறைக் குவியலை மறுபடி தாண்ட வேண்டியிருந்தது. வெடிக்காத குழியைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். மருந்தை எடுக்க இன்னும் நேரமாகும், ஆனால் அதற்குள் இந்த ஆள் இருக்கமாட்டார் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். ஜீப்பிலிருந்து எல்லோரையும் இறக்கிவிட்டு, தானே ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பின்னால் வாத்தியார், அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு மெக்கானிக். "நீங்களும் இறங்கி நடந்து வரலாம்" என்றாள். அவன் தலையாட்டி மறுத்தான். நாடாவுக்கு நான்கு அடி தள்ளி, டயர் கற்களின் மேல் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது. ஒரு கல் நழுவி உருண்டபோது வாத்தியாரின் மூச்சு மட்டும்தான் ஜீப்பில் கேட்டது, மற்ற இருவரும் மூச்சை நிறுத்தியிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

உச்சிக்கு அப்பால் ஒன்பதாவது கிலோமீட்டரில் இருந்த ஊரில் நான்கு கட்டில் போட்ட ஆஸ்பத்திரி. டாக்டர் இளைஞர். ஐஸ் கட்டிகளும் இரண்டு கைக்கும் இரண்டு குளுகோஸ் பாட்டிலுமாக ஓடிக்கொண்டே கேட்டார். "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி வீட்டுக்காரன்."

"இங்கே கையெழுத்துப் போடுங்க."

குனிந்து போட்டான். நர்ஸ் அவன் முழங்காலிலிருந்து வழிந்த ரத்தத்தை அப்போதுதான் பார்த்தாள்.

நான்கரை மணிக்கு வாத்தியார் கண்ணைத் திறந்தார். கூரையைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். "சைக்கிள்?" என்றார்.

"ரெண்டும் ஜீப்ல வருது."

"நான் சொல்லியிருக்கணும்."

"ஆமா. சொல்லியிருக்கணும்" என்றான் மெக்கானிக். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. போர்வையை அவர் காலுக்கு இழுத்துவிட்டு, "நானும் திரும்பியிருக்கணும். நீங்க வராட்டாலும் இழுத்துட்டுப் போயிருக்கணும்" என்றான். வாத்தியார் கண்களை மூடிக்கொண்டார். ஓரத்தில் ஈரம் கசிந்தது. உடம்பில் அதற்கும் தண்ணீர் வந்துவிட்டதே என்று மெக்கானிக்குத் தோன்றியது.

சிறுநீரகம் தப்பித்ததா என்று மறுநாள்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். மறுநாள் தப்பித்தது என்றார்கள். ஆனால் முந்தின சாயங்காலமே, அது தெரியாத நிலையிலேயே, மெக்கானிக் ஆஸ்பத்திரி வாசல் படியில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான், தான் சிரித்துவிட்டு சைக்கிளில் ஏறியது உட்பட.

"அண்ணன்கிட்ட குடுங்க" என்றாள்.

உள்ளே போய் வாத்தியாரின் காதில் வைத்தான். அவள் என்ன சொன்னாளோ, அவர் நான்கு நிமிடத்துக்கு 'ம்' என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. போன் திரும்பக் கைக்கு வந்தது.

"நாளைக்குக் காலையில முதல் பஸ்ல கிளம்பி வரேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"என்னங்க."

"ம்."

"அவரு ஒருத்தரு மறைச்சது போதும்."

மெக்கானிக் கட்டுப் போட்ட முழங்காலைப் பார்த்தான். மடக்க முடியவில்லை. சாலையில் விழுந்தபோது அடிபட்ட இடது தோளையும் இப்போது தூக்க முடியவில்லை. கண்ணை மூடினால் காலிக் குழாய்தான் தெரிந்தது. சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, முழங்காலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாக அவளிடம் சொல்லத் தொடங்கினான்.